இருதயத் தசையணுவும் செய்முறை ஆராய்ச்சியும்



தோலில் கீறல் விழுந்தால் சில நாட்களில் ஆறிவிடுகிறது. எலும்பு முறிந்தால் காலக்கிரமத்தில் கூடிக்கொள்கிறது. கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டாலும் எஞ்சியது பெருகி ஈடுசெய்கிறது. பிறந்தது முதல் ஒரு கணமும் ஓயாமல் உழைக்கின்ற இருதயத்துக்கு மாத்திரம், தன் பழுதைத் தானே சரிசெய்துகொள்ளும் சக்தி ஏறக்குறைய இல்லை என்றே சொல்லிவிடலாம். ஸ்டாக்ஹோம் நகரத்துக் கரோலின்ஸ்கா ஸ்தாபனத்தைச் சேர்ந்த யோனாஸ் ஃப்ரீசன் குழுவினர், அணுகுண்டுச் சோதனைகளால் வாயுமண்டலத்தில் மிகுந்துபோன கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கரியையே உயிரணுக்களின் வயதைக் கணக்கிடும் கருவியாகக் கொண்டு ஆராய்ந்து, 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, 25 வயதினரின் இருதயத் தசையணுக்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று வீதமே புதிதாகின்றன. 75 வயதில் அதுவும் 0.45 சதவிகிதமாகக் குறைந்துவிடுகிறது. பெரியதொரு மாரடைப்பிலோ நூறு கோடி அளவுக்குத் தசையணுக்கள் மாண்டுபோகக்கூடும். அவை மாண்ட இடத்தில் துடிக்காத வடுவே மிஞ்சுகிறது.

ஆகவே, இழந்த தசையணுக்களைப் பரிசோதனைச்சாலைப் பாத்திரத்தில் வளர்த்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வி எழுந்தது இயல்பே. அதற்கு வழி திறந்தவை இரண்டு கண்டுபிடிப்புகள். 1998இல் விஸ்கான்சின் சர்வகலாசாலையில் ஜேம்ஸ் தாம்சன், மனிதக் கருவிலிருந்து மூல உயிரணுக்களைப் பிரித்தெடுத்து வளர்த்தார். 2006இல் கியோட்டோவில் ஷின்யா யாமனாகாவும் கஸுதோஷி தகஹாஷியும் நான்கே மரபணுக்களைச் செலுத்தி, எலியின் சாதாரண உயிரணுவை எதுவாகவும் மாறவல்ல மூல உயிரணுவாகத் திருப்பிக் காட்டினர். மறு ஆண்டே மனித உயிரணுவிலும் அது சாத்தியமாயிற்று. யாமனாகாவுக்கு 2012இல் நோபெல் பரிசு கிடைத்தது. இந்த வரலாறு பத்திரிகைகளில் விஸ்தாரமாக வந்திருப்பதால் இங்கே அதை நீட்ட வேண்டியதில்லை.

நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அதற்கு அடுத்த படியைப் பற்றி. எதுவாகவும் மாறவல்ல அந்த உயிரணுவை, வேறெதுவாகவும் மாறவிடாமல் இருதயத் தசையணுவாகவே மாற்றுவதற்கு, என்னென்ன இரசாயனத்தை எந்த நாளில் எவ்வளவு சேர்க்கவேண்டும் என்று கூறும் செய்முறைகள் (ஆராய்ச்சிசாலைகளில் புரோட்டோகால் என்றே வழங்குகிறார்கள்) இன்று அச்சில் ஏராளமாக இருக்கின்றன. புதிதாக இத்துறைக்கு வரும் மாணவர் இவற்றை எப்படித் தேடிப் பிடிப்பது, பிடித்தவற்றை எப்படி ஒப்புநோக்குவது, எதைக் கைக்கொள்வது? கட்டுரையின் முகப்பில் மின்னும் சதவிகிதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் தவறாகவே தேர்ந்தெடுக்கிறார் என்பது என் அபிப்பிராயம். அதற்கான காரணங்களைச் சொல்லுவதே இந்தச் சொற்பொழிவின் உத்தேசம்.

முதலில் தேடுவதைப் பற்றிச் சிறிது. பப்மெட் என்னும் மருத்துவ நூலடைவில் ஒரே அணுவைச் சிலர் கார்டியோமையோசைட் என்றும், சிலர் கார்டியாக் மையோசைட் என்றும், சிலர் வெறும் சுருக்கெழுத்துகளாலும் குறித்திருப்பதால், ஒரு பெயரால் மாத்திரம் தேடுகிறவருக்குப் பாதி கிடைக்காமலே போய்விடும். இதைக் காட்டிலும் பெரிய சங்கடம், செய்முறையின் முக்கியமான திருத்தங்கள் செய்முறைக் கட்டுரைகளில் இராமல், ஏதோ ஒரு மருந்தையோ பரம்பரை நோயையோ ஆராய்ந்த கட்டுரையின் பின்னிணைப்பில் ஒளிந்து கிடப்பது. அங்கேயும் பல சமயங்களில், ‘முன்னரே விவரித்தபடி, சிறு மாறுதல்களுடன்’ என்ற ஒரே வரிதான் இருக்கும். அந்த வரி சுட்டும் பழைய கட்டுரையைத் தேடிச் சென்றால் அது அதனினும் பழைய இன்னொன்றைச் சுட்டும். ஆனால் அந்தச் சிறு மாறுதல்கள் யாவை என்பதை எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். 2006இல் தொடங்கிய நேச்சர் புரோட்டோகால்ஸ் என்ற பத்திரிகையும், அதே ஆண்டில் செய்முறைகளைச் சலனப்படமாகவே வெளியிடத் தொடங்கிய ஜோவ் என்ற பத்திரிகையும், ஒரு செய்முறையின் ஒவ்வொரு திருத்தத்தையும் தனிப் பதிப்பாகச் சேமித்துவைக்கும் புரோட்டோகால்ஸ் டாட் ஐஓ என்ற களஞ்சியமும் இக்குறையை ஓரளவு நீக்கியிருக்கின்றன. முற்றும் நீக்கிவிடவில்லை.

தேடிச் சேர்த்தவற்றை என்ன செய்வது? ஒரே நூலின் பல ஏட்டுச் சுவடிகளைச் சேகரித்து, எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று வம்சாவளி கண்டு, பாடபேதங்களை அடிக்குறிப்பில் பொறித்துவைத்த பதிப்பாசிரியர்களின் முறையே இங்கும் ஏற்றது. ஐம்பது செய்முறைகள் ஐம்பது தனி வழிகளாகத் தோன்றினாலும், தாய்ச் சுவடிகள் எனத்தக்கவை நான்கோ ஐந்தோதான்; ஏனையவை அவற்றின் பிரதிகள். வித்தியாசம் ஒன்று உண்டு. பதிப்பாசிரியர் மூல பாடத்தை மீட்கப் பாடுபடுகிறார். நாமோ மூலத்தைவிடப் பிந்திய பிரதி சிறந்ததாகவும் இருக்கலாம் என்ற எண்ணத்தோடு படிக்கவேண்டும்.

அந்த வம்சாவளியைச் சற்று நிதானமாகவே பார்ப்போம். 2001ஆம் ஆண்டில், இஸ்ரேல் நாட்டு ஹைஃபா நகரத்து டெக்னியான் ஸ்தாபனத்தில் கெஹாட், கெப்ஸ்டைன் முதலியோர், மனித மூல உயிரணுக்களைச் சிறு உருண்டைகளாகத் திரட்டி, கன்றின் இரத்தச் சீரம் கலந்த திரவத்தில் விட்டுவைத்தார்கள். அவ்வுருண்டைகளில் சுமார் 8 சதவிகிதத்தில் தாமாகவே துடிக்கும் பகுதிகள் தோன்றின. யாரும் ஏவாமலே ஒரு பாத்திரத்தின் மூலையில் மனித இருதயத் தசை துடித்தது என்பது அக்காலத்தில் சாமானியமான செய்தி அன்று. ஆனால் எதனால் துடித்தது என்று எவராலும் சொல்ல இயலவில்லை, ஏனெனில் சீரத்தில் என்னவெல்லாம் இருக்கின்றன என்பதே யாருக்கும் முழுமையாகத் தெரியாது. 2003இல் நெதர்லாந்தில் கிறிஸ்டீன் மமெரி குழுவினர், கருவில் இருதயம் உருவாகும் இடத்துக்கு அடுத்திருக்கும் உட்படலத்தின் தன்மையுடைய எலி உயிரணுக்களோடு மனித மூல உயிரணுக்களைச் சேர்த்து வளர்த்து, அந்தச் சகவாசத்தாலேயே இருதயத் தசையை வருவித்தார்கள். அயலணுக்கள் ஏதோ கட்டளையிடுகின்றன என்பது இதனால் தெளிவாயிற்று.

அந்தக் கட்டளையைச் சுத்தமான புரதமாகவே கொடுத்துவிட்டால் என்ன என்று துணிந்தவர்கள் சியாட்டிலைச் சேர்ந்த லஃப்ளாம், சார்ல்ஸ் மர்ரி ஆகியோர். 2007இல் அவர்கள் வெளியிட்ட செய்முறையில், ஒரு படலமாகப் பரப்பிய உயிரணுக்களுக்கு ஒரு நாள் ஆக்டிவின்-ஏ, அடுத்த நான்கு நாட்கள் பி.எம்.பி.-4, இவ்வளவே. சீரத்தில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத இடத்தில் முப்பதுக்கு மேல் இருதயத் தசையணுக்கள் கிடைத்தன. இதனிடையே, தவளையின் கருவிலும் கோழிக் கருவிலும் செய்த ஆராய்ச்சிகள் வேறொரு இரகசியத்தை வெளிப்படுத்தியிருந்தன. விண்ட் என்று பெயரிடப்பட்ட சமிக்ஞை தணிகிற இடத்தில்தான் இருதயம் முளைக்கிறது என்பதே அது. பின்னர் எலியின் மூல உயிரணுக்களில் ஆராய்ந்தபோது, அதே சமிக்ஞை அதற்கு முந்திய கட்டத்தில் அவசியமாக இருப்பதும் தெரியவந்தது. முதலில் தூண்டவேண்டும், பிறகு அடக்கவேண்டும். காலம் தவறினால் கொடுத்த மருந்தே விரோதமாகிவிடும்.

இந்த ஞானத்தை முழுவதும் பயன்படுத்தியவர்கள் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரைச் சேர்ந்த லியானும் ஷான் பேலெசெக்கும் அவர்களுடைய சகாக்களும். 2012இல் அவர்கள் வெளியிட்ட முறையில் விலையுயர்ந்த புரதமே இல்லை. சிறிய இரசாயனங்கள் இரண்டே. முதல் நாள் சி.எச்.ஐ.ஆர். 99021 என்னும் மருந்தால் ஒரு நொதியைத் தடுத்து விண்ட் சமிக்ஞையைத் தூண்டுகிறார்கள். 24 மணி நேரத்தில் அதை நீக்கிவிடுகிறார்கள். மூன்றாம் நாள் ஐ.டபிள்யூ.பி.-2 அல்லது அதன் இனத்தைச் சேர்ந்த மற்றொன்றைச் சேர்த்து அச்சமிக்ஞையை அடக்குகிறார்கள். ஐந்தாம் நாள் அதையும் எடுத்துவிடுகிறார்கள். எட்டாம், பத்தாம் நாட்களில் பாத்திரம் துடிக்கத் தொடங்குகிறது. 80 முதல் 98 சதவிகிதம் வரையில் இருதயத் தசையணுக்கள் கிடைத்ததாக அவர்கள் எழுதினார்கள். 2014இல் ஸ்டான்ஃபோர்டில் பால் பர்ரிட்ஜும் ஜோசஃப் வூவும் வளர்ப்புத் திரவத்தையே மூன்றே பொருள்களாகச் சுருக்கினார்கள்: அடிப்படைத் திரவம் ஒன்று, வைட்டமின் சி-யின் ஒரு வடிவம், மனித அல்புமின். அந்த அல்புமின் மனித இரத்தத்திலிருந்து எடுத்ததன்று. மனித மரபணுவை ஏற்ற நெற்பயிரின் அரிசியிலிருந்து பிரித்தது. சோறுண்ணும் நாட்டவராகிய நமக்கு இது கேட்க இனிமையாக இருக்கும் என்பதற்காகவே சொன்னேன்.

8, 30, 98 என்று ஏறிச்செல்லும் இந்த எண்களைக் கேட்டவுடன், கடைசியில் வந்ததே சிறந்தது, பேச்சு முடிந்தது என்று தோன்றும். இங்கேதான் நிதானிக்க வேண்டும்.

8 சதவிகிதம் என்றது உருண்டைகளின் கணக்கு. ஓர் உருண்டைக்குள் துடிக்கும் புள்ளி ஒன்று இருந்தாலே அது கணக்கில் சேர்ந்துவிடும். 98 என்றது தனித்தனி உயிரணுக்களின் கணக்கு. ட்ரோபோனின் என்ற தசைப் புரதத்துக்குச் சாயமேற்றி, ஒவ்வோர் அணுவாக ஒளிக்கற்றையின் முன் ஓடவிட்டு எண்ணியது. அங்கேயும், எந்த அளவுக்கு ஒளிர்ந்தால் சாயமேறியதாகக் கொள்வது என்ற எல்லைக்கோட்டை வரைகிறவர் ஆராய்ச்சியாளரே. கோட்டைச் சிறிது நகர்த்தினால் எண்ணும் நகரும். இன்னும், முகப்பில் அச்சாவது மிகச் சிறந்த பாத்திரத்தின் எண்; சராசரியும் அதன் ஏற்றத்தாழ்வும் உள்ளே எங்கோ ஒரு படத்தில் இருக்கும். டோக்கியோவில் கெயோ சர்வகலாசாலையைச் சேர்ந்த தோஹ்யாமாவும் ஃபுகுதாவும், குளுக்கோஸை நீக்கி லாக்டேட்டை மாத்திரம் உணவாக வைத்தால் மற்ற அணுக்கள் பட்டினியால் மடிய இருதயத் தசையணுக்கள் பிழைத்துக்கொள்ளும் என்று 2013இல் காட்டி, 99 சதவிகிதத் தூய்மையை எட்டினார்கள். அருமையான உபாயம், ஆயினும் அது வடிகட்டிய பின் எடுத்த எண். வடிகட்டாத 90ஐயும் வடிகட்டிய 99ஐயும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வைத்து, பின்னதே மேல் என்று தீர்ப்புச் சொல்லுகிற கட்டுரைகளை நான் கண்டிருக்கிறேன். அது ஒப்புநோக்குவதே ஆகாது.

தூய்மை ஒன்று, விளைச்சல் வேறொன்று. பத்து இலட்சம் அணுக்களை இட்டுத் தொடங்கி, முடிவில் ஐந்து இலட்சமே உயிரோடு மிஞ்சி அவற்றில் 90 சதவிகிதம் இருதயத் தசையணுவானால் கிடைப்பது நாலரை இலட்சம். அதே பத்து இலட்சத்தில் தொடங்கி ஐம்பது இலட்சம் மிஞ்சி அவற்றில் 60 சதவிகிதமே தேறினாலும் முப்பது இலட்சம் கிடைத்துவிடுகிறது. முதலாவது அச்சில் அழகாக இருக்கும். இரண்டாவதே காரியத்துக்கு உதவும், பிற்பாடு வடிகட்டிக்கொள்ளலாமல்லவா? இட்ட அணு ஒன்றுக்கு எத்தனை பெற்றோம் என்பதைப் பர்ரிட்ஜ் குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றுக்கு நூறு வரையில் என்பது அவர்கள் கணக்கு. அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிற கட்டுரைகளே மிகுதி. ‘பாத்திரம் முழுவதும் துடித்தது’ என்ற வருணனையையும் பிரமாணமாகக் கொள்ளலாகாது. ஒன்றோடொன்று ஒட்டிய படலத்தில் ஒரு பகுதி துடித்தால், சுற்றியுள்ள துடிக்காத அணுக்களையும் அது இழுத்து அசைத்துக் கண்ணை ஏமாற்றும்.

இனி, எழுதப்படாத விவரங்களைப் பற்றி. சி.எச்.ஐ.ஆர். மருந்தின் அளவு மாடிசன் கட்டுரையில் 12 மைக்ரோமோலார். வேறு ஆராய்ச்சிசாலைகள் 6 அல்லது 8 என்று எழுதுகின்றன. இவற்றில் எது சரி என்று கேட்பது வீண். மருந்திடும் நாளில் பாத்திரத்தில் அணுக்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்தன, எந்த மனிதரிடமிருந்து வந்த மூல உயிரணு, அது எத்தனை தடவை பிரித்து வளர்க்கப்பட்டது என்பவற்றைப் பொறுத்து அந்த அளவு மாறும். டொராண்டோவில் கார்டன் கெல்லர் குழுவினர், ஆக்டிவின், பி.எம்.பி. ஆகிய இரண்டின் விகிதத்தையும் ஒவ்வொரு மூல உயிரணு வம்சத்துக்கும் தனித்தனியே நிர்ணயிக்க வேண்டும் என்று 2011இலேயே நிரூபித்துவிட்டார்கள். ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் அச்சிட்ட எண்ணை அப்படியே பின்பற்றி, துடிக்காத பாத்திரத்தின் முன் உட்கார்ந்து வருந்துகிறார்கள். அடித்தளமாகப் பூசும் மேட்ரிஜெல் எலியின் புற்றுக்கட்டியிலிருந்து வடித்தது. தொகுதிக்குத் தொகுதி அதன் சேர்க்கை வேறுபடும். பி-27 என்ற கலவை மூளை நரம்பணுக்களை வளர்ப்பதற்காக அமைத்தது. அதிலுள்ள இன்ஸுலின் தொடக்க நாட்களில் இருந்துவிட்டால் உயிரணுக்கள் இருதய வழியை விட்டு நரம்பு வழியில் திரும்பிவிடும் என்று மமெரி குழுவினர் 2008இல் கண்டார்கள். அதனால்தான் மாடிசன் முறையில் முதல் ஏழு நாட்கள் இன்ஸுலின் நீக்கிய புட்டியையும், அதன்பிறகு இன்ஸுலின் உள்ள புட்டியையும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிரதி எடுத்தவர் ‘பி-27’ என்று மாத்திரம் எழுதிவிட்டால், அந்தப் பாடபேதம் ஒரு மாத உழைப்பைக் கொண்டுபோய்விடும்.

எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டாலும் வித்தியாசம் வரவே செய்கிறது. ஐந்து ஆராய்ச்சிசாலைகளுக்கு ஒரே மூல உயிரணுக்களையும் ஒரே செய்முறையையும் கொடுத்து (இது நரம்பணு பற்றியது, ஆயினும் பாடம் பொதுவானது) விளைவுகளை ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டார்கள். வேறுபாட்டுக்கெல்லாம் தலையாய காரணமாக நின்றது, எந்த ஆராய்ச்சிசாலையில் செய்தார்கள் என்பதே.

அப்படியானால் எதை அளவுகோலாகக் கொள்வது? அணு எதற்கு வேண்டும் என்ற கேள்வியைத்தான். ஒரு மருந்து இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்குமா என்று சோதிப்பவருக்கு மின் இயக்கமே பிரதானம். டெர்ஃபெனடின் என்னும் ஒவ்வாமை மருந்து இந்தக் குற்றத்துக்காகவே 1990களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையை விட்டு நீங்கியது. அத்தகைய தீங்கை முன்கூட்டியே அறிய 2013இல் தொடங்கிய சிபா என்ற சர்வதேச முயற்சி, மூல உயிரணுவிலிருந்து வந்த இருதயத் தசையணுக்களையும் சோதனைக் கருவியாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. மேலறையின் நோயை ஆராய்பவருக்கு, கீழறை அணுக்களையே பெரும்பான்மையாகத் தரும் முறை 98 சதவிகிதம் தந்தாலும் பிரயோசனமில்லை. தக்க நாளில் ரெட்டினாயிக் அமிலம் சேர்த்து மேலறை அணுக்களை வருவிக்கும் முறை அவருக்கு வேண்டும். பரம்பரைத் தசைநோயை ஆராய்பவருக்கோ அணுவின் முதிர்ச்சியே கவலை. பாத்திரத்தில் பிறந்த அணுக்கள் வயதில் வாரக்கணக்கே ஆனவை. தன்மையில் கருவிலுள்ள சிசுவின் அணுக்களையே ஒத்தவை. முதிர்ந்த தசையணு கொழுப்பை எரித்து உழைக்கிறது, இவை சர்க்கரையை நம்புகின்றன. முதிர்ந்தது நீண்டு செங்கல் வடிவாயிருக்க, இவை உருண்டும் ஒழுங்கற்றும் கிடக்கின்றன. கொலம்பியா சர்வகலாசாலையில் வுன்யாக்-நோவாகோவிச் குழுவினர், துடிக்கத் தொடங்கிய உடனேயே இளம் அணுக்களைத் திசுவாக அமைத்து, மின்தூண்டலின் வேகத்தை நாளுக்கு நாள் ஏற்றிப் பயிற்சி கொடுத்து, நான்கே வாரங்களில் பெரிய முதிர்ச்சியை வருவித்ததாக 2018இல் எழுதினார்கள். ட்ரோபோனின் சதவிகிதம் இந்த வித்தியாசம் எதையும் காட்டாது.

நோயாளியின் உடலில் செலுத்த விரும்புகிறவர்களுடைய பொறுப்பு இதனினும் பெரிது. சியாட்டில் குழுவினர் 2014இல் நூறு கோடி அணுக்களைக் குரங்கின் இருதயத்தில் செலுத்தியபோது அவை ஒட்டி வளர்ந்தன. கூடவே துடிப்பின் ஒழுங்கும் குலைந்தது. 2020 ஜனவரியில் ஒஸாகாவில் யோஷிகி ஸவா குழுவினர், இத்தகைய அணுக்களாலான மெல்லிய தகட்டை மனித இருதயத்தின்மீது முதன்முதலாகப் பொருத்தினார்கள். அப்படிப்பட்ட காரியத்துக்கு எலிக்கட்டியில் வடித்த பசையும் கன்றின் சீரமும் கலந்த முறை எவ்வளவு விளைச்சல் தந்தாலும் தள்ளுபடிதான். மாற்றமடையாத மூல உயிரணு ஒன்றுகூட மிஞ்சி உள்ளே போய்க் கட்டியாக வளர்ந்துவிடாதபடி காப்பதும் அங்கே செய்முறையின் ஒரு பகுதியாகவே கருதப்படும்.

மாணவர்களுக்கு என் யோசனை இது. முதலில் தொடங்குகிறவர் 2013இல் நேச்சர் புரோட்டோகால்ஸில் மாடிசன் குழுவினர் விரிவாக எழுதியிருக்கும் முறையையே எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பொருட்செலவு குறைவு, பிரதிகள் மிகுதி, தவறு நேர்ந்தால் கேட்டறிய ஆட்களும் உண்டு. அணுக்களின் நெருக்கத்தை நாலைந்து விதமாகவும் மருந்தின் அளவை நாலைந்து விதமாகவும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்து, உங்கள் அணுவுக்கு உகந்ததை நீங்களே நிர்ணயித்துக்கொள்ளுங்கள். இன்னொரு செய்முறை மேலானது என்று கேள்விப்பட்டால், உங்கள் கையில் உங்கள் அணுவில் இரண்டையும் அருகருகே நடத்திப் பாராமல் அதற்கு மாறிவிடாதீர்கள்.

செய்முறை எழுதும் நிலையிலிருக்கும் பெரியோர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. மூல உயிரணுவின் பெயரும் தலைமுறையும், மருந்திடும் நாளின் நெருக்கம், பூச்சுப் பொருளின் தொகுதி எண், நடத்திய தடவைகளில் எத்தனை தடவை துடிக்கவே இல்லை என்ற கணக்கு ஆகிய இவற்றை, மிகச் சிறந்த சதவிகிதத்தை அச்சிடும் அதே பக்கத்தில் அச்சிடுங்கள். ‘முன்னரே விவரித்தபடி’ என்ற வரியை எழுத நேர்ந்தால், செய்த மாறுதல் இன்னது என்பதையும் அடுத்த வரியிலேயே எழுதிவிடுங்கள்.